ரசாயனப் பாதுகாப்பு வழிகாட்டுதல் மாறினால் எப்படிப் பிடிப்பது: என் அனுபவம்

பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் இருந்துகொண்டு அமெரிக்க ஆலைகளின் ரசாயனப் பாதுகாப்பு ஆவணங்களைப் பார்ப்பதுதான் என் வேலை. அங்கே ரசாயன ஆலைகளைப் பயங்கரவாதிகளிடமிருந்து காக்க 2007-இல் வந்த சிஃபாட்ஸ் (CFATS) விதிகளுக்கு வழிகாட்டுதல், கேள்வி-பதில் என்று பக்கம் பக்கமாக இருக்கும், எந்த வரி எப்போது மாறியது என்று நாமேதான் தேட வேண்டும்.

முதலில் விதியையும் வழிகாட்டுதலையும் தனித்தனியாகப் பிரித்தேன். விதிக்கு, அமெரிக்க அரசின் விதித் தொகுப்பு இருக்கும் இசிஎஃப்ஆர் (eCFR) தளத்திலேயே இரண்டு தேதிகளை ஒப்பிடும் வசதி உண்டு, ஃபெடரல் ரெஜிஸ்டர் என்ற அமெரிக்க அரசிதழின் அறிவிப்புகள் மின்னஞ்சலுக்கே வந்துவிடும். வழிகாட்டுதல் பிடிஎஃப்களைத் தேதி போட்டுச் சேமித்து, பழையதையும் புதியதையும் வேர்டில் ஒப்பிடுகிறேன்.

சரி, இது போதுமா? போதாது. 2023 ஜூலை 28-இல், அமெரிக்க காங்கிரஸ் நீட்டிக்காததால், சிஃபாட்ஸ் திட்டத்தின் சட்ட அதிகாரமே காலாவதியானது. திட்டத்தை நடத்திய சிசா (CISA) என்ற அமெரிக்க அரசு அமைப்பின் அதிகாரிகள் ஆய்வுக்கு வருவதும், பணியாளர்களின் பெயர்களைப் பயங்கரவாதிகள் பட்டியலோடு சரிபார்ப்பதும் நின்றுபோயின. ஆனால் அன்று விதியின் வாசகத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, எந்த ஒப்பீட்டு வசதியும் இதைக் காட்டிக்கொடுக்காது! அதனால் என் எக்செல்லில் ஒவ்வொரு விதிக்கும் எதிரே 'இப்போது அமலில் உள்ளதா, எந்தச் சட்டத்தின் பேரில், அது எப்போது முடிகிறது' என்று எழுத இடம் ஒதுக்கினேன். என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம்.

அப்புறம், திட்டம்தான் காலாவதியாகிவிட்டதே, அதற்காக வைத்த கேமராவையும் கூடுதல் பூட்டையும் எடுத்துவிடலாமா என்று ஆலைக்காரர்கள் கேட்பார்கள். வேண்டாம் என்றே எழுதுகிறேன், குளோரின் சிலிண்டர் அங்கேயேதான் இருக்கிறது, தொழிலாளர் பாதுகாப்புக்கான ஓஷா (OSHA), சுற்றுச்சூழலுக்கான ஈபிஏ (EPA) ஆகிய அமைப்புகளின் விதிகளும் தனியாக அமலில் இருக்கின்றன.