டைனோவில் லீன் என்று காட்டினால் ஜெட்டைத் தொடாதீர்கள்

டைனோவில் (வண்டியை நின்ற இடத்திலேயே ஓட்டிப் பவரை அளக்கும் எந்திரம்) மீட்டர் லீன், அதாவது காற்றுக்குப் பெட்ரோல் குறைவு என்று காட்டியதும், பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட்டைப் பெரிதாக்குவதுதான் கார்புரேட்டர் பைக்குகளில் வழக்கமான தவறு. லாம்டா சென்சார் பார்ப்பது புகையின் ஆக்சிஜன் கணக்கை. வெளிக்காற்று கலந்துவிட்டால் ரிச்சான (பெட்ரோல் கூடிய) இன்ஜினும் லீனாகத் தெரியும்.

முதலில், ஏர் ஃபில்டர் பக்கத்திலிருந்து எக்ஸாஸ்ட் போர்ட்டுக்குப் போகும் ரப்பர் ஹோஸைத் தேடுங்கள். 100, 150 சிசி வண்டிகள் பலவற்றில் இது உண்டு. புகையைக் குறைக்கக் காற்று ஊட்டும் ஏற்பாடு. கழற்றி இரு முனையையும் அடையுங்கள். (வேலை முடிந்ததும் திரும்ப மாட்டாவிட்டால் புகைச் சோதனையில் மாட்டிக்கொள்வீர்கள்.) அடுத்து பெண்ட் பைப் (இன்ஜினிலிருந்து சைலன்சருக்குப் போகும் குழாய்) கேஸ்கட். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, சைலன்சர் வாயைத் துணியால் பாதி அடைத்து, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் ஊற்றினால் ஓட்டை குமிழி விடும்.

வைட்பேண்ட் சென்சாருக்கு (கலவையை எண்ணாகக் காட்டும் லாம்டா சென்சார்) 18 மி.மீ., 1.5 பிட்ச் நட்டைப் பெண்ட் பைப்பில், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் வெல்ட் செய்ய வேண்டும். கடிகார முகமாக நினைத்தால் 10 மணிக்கும் 2 மணிக்கும் நடுவில். அடிப்பக்கம் வைத்தால் பைப்பில் தேங்கும் தண்ணீர் சூடான செராமிக்கில் பட்டு விரிசல் விடும். ஹீட்டருக்குக் கரண்ட் கொடுக்காமல் இன்ஜினை ஓட்டினால் கரி படிந்து சென்சார் போய்விடும். வெல்டிங் வேண்டாமென்றால் சைலன்சருக்குள் 30 செ.மீ. குழாய் விடலாம், ஆனால் குறைந்த ஆர்பிஎம்மில் சைலன்சர் வெளிக்காற்றை உள்ளிழுக்கும், அந்த ரீடிங்கை ஒதுக்கிவிடுங்கள்.

ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று என்ற கணக்கு எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு. 20 சதவீத எத்தனால் கலந்த இ20க்கு அது 13.5 பக்கம் வரும். லாம்டாவிலேயே (சரியான கலவை 1, அதற்குக் கீழே ரிச், மேலே லீன்) படித்தால் குழப்பமில்லை.

கேஸ் அனலைசரும் இருந்தால் நல்லது. ஹைட்ரோகார்பனும் ஆக்சிஜனும் சேர்ந்து ஏறினால் மிஸ்ஸிங் (கலவை எரியாமல் போவது), பிளக்கைப் பாருங்கள். கார்பன் மோனாக்சைடு 4, 5 சதவீதம், ஆக்சிஜன் கிட்டத்தட்ட பூஜ்யம் என்றால் பவர் வரும் கலவைதான், லாம்டா 0.86 முதல் 0.90 வரை இருக்கும்.

காற்று கலக்கவில்லை என்று உறுதியான பிறகே ஜெட் வேலை: ஃபுல் த்ராட்டிலில் மெயின் ஜெட், பிறகு பாதி த்ராட்டிலில் நீடில் கிளிப், கடைசியில் ஐடிலுக்கான பைலட் ஜெட். ஒரு ஓட்டத்துக்கு ஒரு மாற்றம்தான்.

நெல்லையில் கத்திரி வெயிலில் ஷெட்டுக்குள் 40 டிகிரி. டைனோ வெப்பநிலைக்குச் செய்யும் கரெக்‌ஷன் பவர் கிராஃபைத்தான் சரிசெய்யும், ஜெட்டை அல்ல. அன்று 0.90இல் நிறுத்திய வண்டி, மார்கழிக் காலை 22 டிகிரியில், காற்று அடர்த்தியாவதால், ஏறக்குறைய 0.93க்குப் போகும். மே மாதத்தில் 0.86 பக்கமே நிறுத்துங்கள்.