கவலைக்கு மாலை ஆறு மணி

இரவு இரண்டரைக்கு விழிப்பு வரும். வீட்டுக் கடன், அம்மாவின் சர்க்கரை, மேனேஜரின் ஒற்றை வரி மெயில் என வரிசைகட்டி நிற்கும்; நெஞ்சு படபடக்கும். மனநல ஆலோசகர், “தினமும் மாலை ஆறு மணிக்கு இருபது நிமிடம் கவலைப்படுங்கள். மற்ற நேரத்தில் வந்தால் குறித்துவிட்டுப் படுங்கள்” என்றார். சிரிப்புதான் வந்தது.

தலைமாட்டில் பழைய பால் கணக்கு நோட்டை வைத்தேன். “மெயில்” என்று ஒரே சொல் எழுதுவேன். அப்புறம் நாலு எண்ணி மூச்சிழுத்து, ஆறு எண்ணி விடுவேன். மாலையில் பார்த்தால் பாதி அசட்டுத்தனமாகத் தெரியும். மீதிக்கு, நாளை செய்யக்கூடியது எது என்று பக்கத்தில் ஒரு வரி.

முதல் வாரம் சுத்தமாகப் பலிக்கவில்லை. மூன்றாவது வாரம்தான் தூக்கம் பிடித்தது. (ஆலோசகருக்குச் செலவழிக்க முடியாதவர்களுக்கு அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் 14416 இலவசம், தமிழிலும் பேசலாம்.)

நேற்று நோட்டில் இருந்தது ஒன்றுதான்: “கேஸ் புக் பண்ணணும்.”