இனிஷியலில் சறுக்கிய விண்ணப்பம்

அமெரிக்க வெளியுறவுத் துறையின் நிதியில் நடக்கும் ஃபுல்பிரைட் ஆசிரியர் திட்டம் அது. உயர்நிலை, மேல்நிலை வகுப்பு ஆசிரியர்கள் ஆறு வாரம் அங்குள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் தங்கிப் பயிற்சி பெறலாம். விமானச் செலவும் தங்குமிடமும் திட்டத்தின் பொறுப்பு. முதல் முறை நான் சறுக்கியது ஆங்கிலத்தில் அல்ல, இனிஷியலில்.

பட்டச் சான்றிதழில் இனிஷியலோடு என் பெயர். பாஸ்போர்ட்டில் அந்த ஒற்றை எழுத்து அப்பாவின் முழுப் பெயராக விரிந்து, குடும்பப் பெயர் கட்டத்தில் உட்கார்ந்திருந்தது. பரிந்துரைக் கடிதத்திலோ என் பெயருக்குப் பின்னால் கணவர் பெயர். ஒரே ஆள், மூன்று பெயர்! கடைசி நாளுக்கு முந்தைய இரவில்தான் கவனித்தேன். அந்த ஆண்டு அதோடு போயிற்று.

மறு ஆண்டு பாஸ்போர்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டே எல்லாப் படிவங்களையும் நிரப்பினேன். கடிதம் தருபவர்களிடம் பெயரை எழுத்துக்கு எழுத்து எழுதிக் கொடுத்தேன். இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கிச் சான்றிதழோடு இணைத்தேன். தடையின்மைச் சான்றுக்கு இரண்டு மாதம் முன்பே மனு கொடுத்தாயிற்று.

கட்டுரையையும் மாற்றினேன். முதல் முறை ‘கற்பித்தலே என் மூச்சு’ என்றெல்லாம் அளந்திருந்தேன்; இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. இந்த முறை, கடைசி பெஞ்சில் வாய் திறக்காத நான்கு பிள்ளைகளைப் படிக்க வைக்க நான் செய்ததையும், அதில் பலிக்காமல் போனதையும் எழுதினேன்.

நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. முதல் கேள்வி: “உங்கள் பெயரை எப்படி உச்சரிப்பது?”