வலங்கைமான் சாஸ்திரிக்கு நூலகச் சுவரில் நான்கு பலகை

வலங்கைமானிலோ கும்பகோணத்திலோ, பள்ளியில் அல்லது நூலகத்தில் வெளிநாடு வாழ் இந்தியர்களுக்காக வாதாடிய, சுதந்திரத்துக்கு முந்தைய அரசியல் தலைவர் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியின் வாழ்க்கையைச் சுவரில் வைக்க 4க்கு 3 அடி ஃபிளெக்ஸ் நான்கு போதும். பலகைக்கு 60 சொல். அதற்கு மேல் போனால் யாரும் நின்று படிப்பதில்லை.

முதல் பலகை ஊருக்கு. பிறப்பு 22 செப்டம்பர் 1869, வலங்கைமான், கும்பகோணம் கல்லூரி, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியர். 'திருவாரூர் மாவட்டத்தில் பிறந்தார்' என்று எழுதிவிடாதீர்கள். அன்று அது தஞ்சாவூர் ஜில்லா.

இரண்டாவது அரசியல். 1907இல் கோகலே தொடங்கிய பொதுப்பணி அமைப்பான இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தது, 1913இல் சென்னைச் சட்டசபை, 1915இல் கோகலே மறைந்ததும் சங்கத் தலைமை, 1916இல் மத்தியச் சட்டசபை, 1919இல் விசாரணையின்றிச் சிறையில் வைக்க வழிசெய்த ரௌலட் மசோதாவை எதிர்த்துப் பேச்சு. வருஷ வரிசையே போதும்.

மூன்றாவதில்தான் மெனக்கெட வேண்டும். 1921 ஒரே ஆண்டில் லண்டனில் பிரிட்டிஷ் பேரரசு நாடுகளின் இம்பீரியல் மாநாடு, ஜெனிவாவில் சர்வதேச சங்கம் (லீக் ஆஃப் நேஷன்ஸ்), வாஷிங்டன் கடற்படை மாநாடு. இதை ஒரு வரியில் முடித்துவிட்டு தென்னாப்பிரிக்காவுக்கு இடம் விடுங்கள். இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் செய்துகொண்ட 1927 கேப்டவுன் உடன்பாட்டில் என்ன கிடைத்தது, என்ன கொடுத்தோம் என்று இரண்டையும் எழுதுங்கள்: இந்தியர்களைத் தனிப் பகுதிகளில் ஒதுக்கும் மசோதாவை அந்த அரசு கைவிட்டது, ஊர் திரும்ப விரும்புவோரைப் பண உதவியோடு அனுப்பும் திட்டத்துக்கு இந்தியா இசைந்தது. அதன்பின் சாஸ்திரி அங்கே போனது 'தூதர்' ஆக அல்ல. சுதந்திரம் இல்லாத நாட்டுக்கு ஏது தூதர்? 'இந்திய அரசின் ஏஜென்ட்', 1927 முதல் 1929 ஜனவரி வரை. டர்பனில் சாஸ்திரி கல்லூரி அவர் பெயரில் இருக்கிறது.

நான்காவது பலகையில் தோல்வியும் வரட்டும். 1923இல் கென்யா இந்தியர்களுக்காக லண்டன் போய் வாதாடியும் அங்குள்ள வளமான மேட்டுநிலம் வெள்ளையரிடமே நின்றது. 1936இன் இறுதியில் மலேயாத் தோட்டத் தொழிலாளர் நிலையைப் பார்க்கப் போனார். மறு ஆண்டு வந்த அவர் அறிக்கை மிகவும் மென்மையானது என்று கண்டனம் எழுந்தது. நாகப்பட்டினத்தில் மலேயாவுக்குக் கப்பலேறியவர்களின் வாரிசுகள் டெல்டாவில் நிறைய உண்டு. அவர்கள் இந்தப் பலகையின் முன்னால்தான் நிற்பார்கள்.

படம் தேடும்போது லால் பகதூர் சாஸ்திரிதான் முதலில் வருவார். தலைப்பாகை கட்டியவரை எடுங்கள்.

அச்சகத்தில் கோளாறு எழுத்துருவில் வரும். யூனிகோடில் அடித்ததைப் பழைய ஃபோட்டோஷாப்பில் ஒட்டினால் கொம்பு இடம் மாறும், 'தென்னாப்பிரிக்கா'வில் 'தெ' உடையும். அதனால் பிடிஎஃப் ஆகவே கொடுத்து, முதலில் ஏ4 தாளில் எடுத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ஐப்பசி மழையில் சுவர் ஓதம் அடிக்கும். மரச்சட்டத்தில் இழுத்து, சுவரிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி மாட்டுங்கள்.