க்ளீன்ரூம் கவரால் வேறு, ஆசிட் ஏப்ரன் வேறு

கங்கைகொண்டான் சிப்காட்டில் டாடா பவரின் சோலார் ஆலை வந்ததிலிருந்து நம்ம பக்கத்துப் பிள்ளைகள் வாயில் 'க்ளீன்ரூம்', அதாவது காற்றை வடிகட்டித் தூசியைக் கட்டுக்குள் வைத்திருக்கும் அறை, என்ற சொல் சாதாரணமாக வருகிறது. 2024ல் அங்கே சோலார் செல் உற்பத்தியும் தொடங்கிவிட்டது. டிப்ளமோவோ பி.எஸ்ஸி.யோ முடித்துவிட்டு வேலைக்குப் போகிறவர்கள், ஆராய்ச்சிக்காக எங்கள் பக்கம் வருகிறவர்கள் என்று பலரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: உள்ளே எப்படிப் போவது, என்ன போடுவது?

நான் வேலை பார்ப்பது ஆலையில் அல்ல. திருநெல்வேலிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஆய்வுக்கூடத்தின் க்ளீன்ரூமைப் பார்த்துக்கொள்கிறேன். சிலிக்கான் வேஃபர் (சிப், சோலார் செல் செய்யும் மெல்லிய தகடு) கழுவுவது, மெல்லிய படலம் பூசுவது, கொஞ்சம் லித்தோகிராபி (ஒளியால் வேஃபரில் நுண்ணிய வடிவம் பதிப்பது), இவ்வளவுதான் அங்கே நடக்கிறது. புதிதாக வருகிறவர்களுக்கு உடை போடச் சொல்லிக்கொடுப்பது என் பொறுப்பு. நீங்கள் சேரும் இடத்தில் வேறு விதி எழுதியிருந்தால் அந்த விதியைத்தான் பின்பற்ற வேண்டும்.

முதல் நாள் எல்லோரிடமும் கேட்பேன்: "உடம்பு முழுக்க மூடுற இந்த வெள்ளை அங்கி, கவரால், யாரைக் காப்பாத்த?" "நம்மளத்தான் எக்கா" என்று பதில் வரும். அதுதான் தப்பு. அது வேஃபரை நம்மிடமிருந்து காப்பாற்றுகிறது. நமக்கான பாதுகாப்பு தனி. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

நம்மிடமிருந்து என்ன உதிர்கிறது? தோல் செதில், முடி, துணி இழை, பேசும்போது தெறிக்கும் எச்சில். ஓர் ஆள் அசையாமல் நின்றாலே நிமிடத்துக்கு லட்சக்கணக்கில் நுண்துகள் கிளம்பும். நடந்தால் பல மடங்கு. காற்றின் சுத்தத்துக்கான சர்வதேச அளவுமுறையில் எங்கள் லித்தோகிராபி அறை ஐஎஸ்ஓ 6 வகுப்பு. ஒரு கன மீட்டர் காற்றில் அரை மைக்ரானும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அதற்கு மேலும் உள்ள துகள்கள் 35,200ஐத் தாண்டக் கூடாது. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்பதை நினைத்துக்கொண்டால் அரை மைக்ரான் எவ்வளவு சிறியது என்று புரியும். மூத்தவர்கள் இதையே 'க்ளாஸ் 1000' என்பார்கள். அது கன அடிக் கணக்கில் இருந்த அமெரிக்க அளவுமுறை, 2001ல் கைவிடப்பட்டது.

தூசி மட்டும் பிரச்சினை இல்லை. வியர்வையில் உப்பு இருக்கிறது, உப்பில் சோடியம் இருக்கிறது. அது வேஃபரின் ஆக்சைடு படலத்துக்குள் நகர்ந்துபோய் டிரான்சிஸ்டரின் குணத்தையே மாற்றிவிடும். 1960களில் சிலிக்கான் டிரான்சிஸ்டர் செய்தவர்களைப் பாடாய்ப் படுத்தியது இந்தச் சோடியம். நம்ம ஊர் சித்திரை வெயிலில் பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிறவர் வெறுங்கையால் வேஃபரைத் தொட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வந்ததும் பத்து நிமிடம் வெளி அறையில் உட்கார்ந்து வியர்வை அடங்கட்டும். அப்புறம் க்ளீன்ரூம் உடை மாட்டும் கவுனிங் ரூமுக்குப் போகலாம்.

உண்மையில் உடை போடும் வேலை வீட்டிலேயே தொடங்கிவிடுகிறது. முகத்துக்குப் பவுடர் வேண்டாம். அது டால்க் கல்லை அரைத்த தூள். கண்மை, ஸ்டிக்கர் பொட்டு, நகப்பூச்சு வேண்டாம். மஞ்சள் தேய்த்துக் குளிக்கிறவர்கள் வேலை நாளில் சோப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். பூவை லாக்கரில் வைத்துவிட வேண்டும். திருநீறு இல்லாமல் வீட்டைவிட்டுக் கிளம்பமாட்டேன் என்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. பூசிக்கொண்டு வாருங்கள், இங்கே வந்து முகத்தைக் கழுவிவிட்டு உள்ளே போங்கள். நெற்றியிலிருந்து உதிரும் நீறு முகமூடிக்கு மேலே கண்ணோரமாகத்தான் விழும், வேஃபரைக் குனிந்து பார்க்கும்போது.

நம்ம மாவட்டத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மேலப்பாளையம், முக்கூடல் பக்கமிருந்து வரும் பிள்ளைகளின் வீடுகளில் பீடி சுற்றுவது உண்டு. காலையில் அம்மாவுக்கு ஒத்தாசையாகக் கொஞ்சம் சுற்றிக் கொடுத்துவிட்டு வருவார்கள். அந்தக் காசில் படித்து வந்தவர்கள் அவர்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஆனால் புகையிலைத் தூள் சட்டையிலும் நகக்கண்ணிலும் ஒட்டியிருக்கும். சுற்றி முடித்த பிறகு குளித்து, வேறு துணி மாற்றி, நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு வாருங்கள். பீடி, சிகரெட் பிடிக்கிறவர்களுக்கு: உள்ளே போவதற்கு அரை மணி நேரம் முன்பே நிறுத்திவிட வேண்டும், வாய் கொப்பளித்துத் தண்ணீர் குடிக்க வேண்டும். புகைத்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் மூச்சில் துகள் வந்துகொண்டே இருக்கும்.

உள்ளே போட்டுக்கொள்ளும் துணி உடம்போடு ஒட்டியதாக, இழை உதிராததாக இருக்கட்டும். துப்பட்டா, கம்பளி, கசங்கிய பருத்தித் துணி வேண்டாம். விரல் தெரியாத ஷூவும் சாக்ஸும் கட்டாயம். வளையல், கொலுசு, மெட்டி, மோதிரம் கழற்ற வேண்டும். மோதிரம் கையுறையைக் கிழிக்கும். அதைவிட முக்கியம், ஆசிட் மோதிரத்துக்கு அடியில் போய் நின்றுவிட்டால் கழுவினாலும் போகாது.

தாலியைக் கழற்றச் சொல்லி யாரையும் நான் கேட்டதில்லை. சங்கிலியோ மஞ்சள் கயிறோ, உள்சட்டைக்குள் விட்டு மேல் பொத்தானைப் பூட்டிக்கொள்ளுங்கள். கயிற்றுக்கு அன்று புதிதாக மஞ்சள் பூசியிருந்தால் க்ளீன்ரூம் வேலையை நாளைக்குத் தள்ளிவைக்கலாம். ஆனால் உயர் மின்னழுத்தக் கருவியைத் திறக்கும் வேலைக்குக் கழுத்தில் எந்த உலோகமும் கூடாது. அந்த வேலையை வேறு ஆளுக்கு மாற்றித் தருவேன். காரணம் கேட்டு யாரையும் சங்கடப்படுத்த மாட்டேன். சளி, இருமல், வெயிலில் தோல் உரிதல் இருந்தாலும் அப்படித்தான், அன்று வெளியே கணினி வேலை பாருங்கள்.

ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று பிய்த்துக்கொண்டு வரும். அந்த மாதங்களில் ஷூவில் மண் அதிகம் வரும், முன் வடிகட்டிகளும் சீக்கிரம் அடைபடும். வாசல் மிதியடியில் நன்றாகத் துடைத்துவிட்டு ஏறுங்கள்.

இனி கவுனிங் ரூம். முதலில் ஒட்டும் பாயில் இரண்டு காலையும் அழுத்தி மிதியுங்கள். அறையின் குறுக்கே ஒரு பெஞ்சு கிடக்கும். இந்தப் பக்கம் அழுக்கு, அந்தப் பக்கம் சுத்தம். பெஞ்சில் உட்கார்ந்து ஒரு காலில் ஷூ கவரை மாட்டி, அந்தக் காலை அப்படியே சுத்தமான பக்கம் இறக்குங்கள். பிறகு அடுத்த கால். ஷூ கவர் போட்ட கால் மறுபடி இந்தப் பக்கம் படக்கூடாது. பட்டுவிட்டால் புதிது எடுக்க வேண்டும், வெட்கப்படாமல் எடுங்கள்.

அதற்கப்புறம் எல்லாம் மேலிருந்து கீழே. முதலில் தலைக்குத் தொப்பி. நீளமான பின்னலைக் கொண்டையாகச் சுருட்டி, காது உட்பட எல்லாம் உள்ளே போக வேண்டும். தாடி, மீசை உள்ளவர்கள் தாடிக் கவர் போட வேண்டும். முகமூடி மூக்குக்கு மேலே இருக்க வேண்டும், கம்பியை மூக்கில் அழுத்திவிடுங்கள். கையைக் கழுவி நன்றாக உலர்த்தி, பவுடர் இல்லாத நைட்ரைல் (ஒருவகைச் செயற்கை ரப்பர்) கையுறையின் முதல் ஜோடியை மாட்டுங்கள். பிறகு தலையை மூடும் ஹுட். அதன் கழுத்துப் பகுதி தோள் வரை தொங்கும். அது கவராலுக்கு உள்ளே போக வேண்டும் என்பதால்தான் ஹுட் முதலில்.

கவராலில்தான் எல்லோரும் தடுமாறுவார்கள், ஏனென்றால் அது தரையில் படக்கூடாது. கையையும் இடுப்பையும் சேர்த்து ஒரு கையில் சுருட்டிப் பிடித்து, கால் பகுதியையும் மேலே தூக்கிக்கொண்டு ஒவ்வொரு காலாக நுழையுங்கள். தாமிரபரணியில் இறங்கும்போது பாவாடை நனையாமல் சுருட்டிப் பிடிப்போமே, அந்தப் பிடிதான். அவசரப்பட்டு ஒற்றைக்காலில் குதிக்காதீர்கள், பெஞ்சைப் பிடித்துக்கொள்ளலாம். ஜிப்பைக் கழுத்து வரை ஏற்றி, ஹுட்டின் தொங்கலை உள்ளே செருகுங்கள். அதன்மேல் முழங்கால் வரை வரும் பூட், பிறகு கண்ணுக்கான பாதுகாப்புக் கண்ணாடி, கடைசியாக இரண்டாம் ஜோடி கையுறை, கவராலின் மணிக்கட்டுக்கு மேலே ஏறும்படி. கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டு வர வேண்டாம்; கண்ணில் ஆசிட் ஆவி பட்டால் லென்ஸே தொந்தரவாகிவிடும்.

நிலைக்கண்ணாடி முன் நின்று பாருங்கள். முடி தெரிகிறதா, மணிக்கட்டில் தோல் தெரிகிறதா? பக்கத்தில் இருப்பவர் உங்கள் முதுகைப் பார்த்துச் சொல்லட்டும். பிறகு காற்றைப் பீய்ச்சித் தூசியை உதறும் சிறு அறையான ஏர் ஷவரில் கையை உயர்த்தி மெதுவாக ஒரு சுற்று. ஒரு கதவு பூட்டினால்தான் அடுத்தது திறக்கும். அந்தப் பூட்டை ஏமாற்றி இரண்டையும் ஒன்றாகத் திறந்தால் உள் அறையின் அழுத்தம் இறங்கிவிடும், வெளிக்காற்று உள்ளே வரும்.

உள்ளே மெதுவாக நடங்கள். மூக்கு அரித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், முடியாவிட்டால் வெளியே போய் வாருங்கள். பென்சில், சாதாரண நோட்டு, அட்டைப்பெட்டி உள்ளே வரவே கூடாது. க்ளீன்ரூம் தாளும் பால்பாயிண்ட் பேனாவும் இருக்கிறது. வடிகட்டிய காற்று வேஃபருக்கு வரும் வழியில் நீங்கள் போய் நிற்காதீர்கள், கையை வேஃபருக்கு மேலாக நீட்டாதீர்கள். மேசையை ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) கொண்டு ஒரே திசையில் துடையுங்கள், அதுவும் சூடான ஹாட் பிளேட் பக்கத்தில் இல்லாதபோது. சாதாரண அறைச் சூட்டிலேயே ஐபிஏவின் ஆவி ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும்.

இப்போது ஆரம்பத்தில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். தலை முதல் கால் வரை மூடியிருக்கும்போது ஒரு தைரியம் வந்துவிடுகிறது. அந்தத் தைரியத்துக்கு ஆதாரமே இல்லை. கவரால் என்பது மெல்லிய பாலியெஸ்டர் துணி. ஆசிட் பட்டால் ஊறி நேராக உடம்புக்கு வரும், துணி அதை அங்கேயே பிடித்தும் வைத்துக்கொள்ளும். ஆசிட் வேலை செய்யும் மேசையான வெட் பெஞ்சில் நிற்பதென்றால் கவராலுக்கு மேலே ஆசிட் ஏப்ரன், முழுமுகத் தடுப்பு, முழங்கை வரை வரும் தடித்த நியோப்ரீன் கையுறை, மூன்றும் வேண்டும். மெல்லிய நைட்ரைல் கையுறை ஆசிட் வேலைக்குப் போதாது.

எல்லாவற்றிலும் நான் அதிகம் பயப்படுவது எச்எஃப் என்கிற ஹைட்ரோஃபுளோரிக் ஆசிட். பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும். நீர்த்த எச்எஃப் தோலில் பட்டால் உடனே எரியாது, வலி பல மணி நேரம் கழித்தும் வரலாம். அதற்குள் அது தோலுக்கு அடியில் இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும்; அதிகமாகப் பட்டால் இதயத் துடிப்பே தடுமாறும். அதனால் 'பட்ட மாதிரி இருந்தது' என்றாலே பட்டதாகத்தான் கணக்கு. அந்த இடத்துத் துணியைக் கழற்றி, ஓடும் தண்ணீரில் ஐந்து நிமிடம் கழுவி, பெஞ்சு பக்கத்தில் இருக்கும் கால்சியம் குளுக்கோனேட் ஜெல்லை விடாமல் தேய்த்துக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தேய்த்துவிடுகிறவரும் கையுறை போட்டிருக்க வேண்டும். வேலையைத் தொடங்குவதற்கு முன்பே ஜெல் இருக்கிறதா, காலாவதி ஆகவில்லையா என்று பாருங்கள். இல்லையென்றால் அன்று எச்எஃப் வேலை கிடையாது. ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாலும் தனியாரிடம் போனாலும் 'ஆசிட் பட்டுவிட்டது' என்று மட்டும் சொன்னால் போதாது. எச்எஃப் என்று பெயர் சொல்லி, சுவரில் தொங்கும் பாதுகாப்புத் தாளையும் ஜெல்லையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். எச்எஃப்ஐக் கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்றக் கூடாது, கண்ணாடியையே அரித்துவிடும்.

அடுத்தது பிரானா கரைசல், கந்தக அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்தது. தானாகவே நூறு டிகிரிக்கு மேல் சூடேறும். அசிட்டோனோ ஐபிஏவோ அதில் கலந்தால் வெடிக்கும். புட்டியில் ஊற்றி மூடி போட்டு இறுக்கினாலும் வாயு சேர்ந்து வெடிக்கும். அந்த மேசையில் கரைப்பான் புட்டி எதுவும் இருக்கக் கூடாது. எந்த ஆசிட்டானாலும் நீர்க்கச் செய்யும்போது தண்ணீரில் ஆசிட்டை ஊற்றுங்கள், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றாதீர்கள். பெயர் எழுதாத பீக்கரை வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். தனியாக வேலை செய்யாதீர்கள், ஞாயிற்றுக்கிழமை ப்ராஜெக்ட் முடிக்க வேண்டும் என்றாலும். நைட்ரஜனுக்கு வாசனை கிடையாது; அது கசிந்து அறையில் ஆக்சிஜனைக் குறைத்தாலும் நமக்குத் தெரியாது. ஆக்சிஜன் அலாரம் அடித்தால் கருவியைச் சரிபார்க்க நிற்காமல் வெளியே வந்துவிடுங்கள்.

வேலை முடிந்து வரும்போது ஏப்ரனையும் தடித்த கையுறையையும் கழுவி, கழற்றி, பெஞ்சு பக்கத்திலேயே மாட்டுங்கள். அதோடு கதவுக் கைப்பிடியைத் தொட்டால் அடுத்து தொடுகிறவருக்கு ஆசிட் பட்டுவிடும். கவுனிங் ரூமில் போட்டதற்கு எதிர் வரிசையில் கழற்றுங்கள். கவரால் சுத்தமாக இருந்தால் பெயர் ஒட்டிய கொக்கியில் தொங்கவிடலாம். கிழிசலோ கறையோ இருந்தால் லாண்டரிக் கூடையில் போடுங்கள், கறை எதனால் என்று சீட்டில் எழுதி.

இவ்வளவு வரிசையும் ஒழுங்கும் இரண்டு நேரத்தில் பொருந்தாது. ரசாயனம் மேலே கொட்டிவிட்டால் நின்ற இடத்திலேயே கவராலைக் கழற்றி எறிந்துவிட்டு அவசர ஷவருக்குக் கீழே போய் நில்லுங்கள். கண்ணில் பட்டால் கண் கழுவும் குழாயான ஐ வாஷில் பதினைந்து நிமிடம். கூச்சத்துக்கு அப்போது நேரமில்லை, மற்றவர்களை நான் வெளியே அனுப்பிவிடுவேன். தீ அலாரம் அடித்தால் எதையும் கழற்றாதீர்கள், பெஞ்சு, பாய், ஏர் ஷவர் எதையும் பார்க்காதீர்கள். அவசரக் கதவைத் தள்ளிக்கொண்டு ஹுட்டும் பூட்டுமாக வெளியே வாருங்கள். கவரால் மண்ணானால் துவைத்துக்கொள்ளலாம். உள்ளே போகும்போது நீங்கள் கையெழுத்துப் போட்ட பதிவேட்டை நான் எடுத்து வருவேன். வேப்பமரத்தடியில் நின்று, பெயர் கூப்பிடும்போது சத்தமாகப் பதில் சொல்லுங்கள். ஹுட் போட்டிருந்தால் யார் யாரென்று எனக்கு முகத்தை வைத்துத் தெரியாது.