பெர்சியன் குட்டி வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

படத்தைப் பார்த்து மயங்குவது, விலை விசாரிக்காமல் வாங்குவது எல்லாம் யாரும் சொல்லாமலே தெரியும். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் புதிதாகப் பூனை வளர்க்க வருகிறவர்கள் திரும்பத் திரும்பச் செய்கிற, குட்டியின் உயிருக்கே உலை வைக்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

தாய்ப்பூனையைப் பார்க்காமல் வாங்குவது

பெங்களூரிலோ ஓசூரிலோ இருக்கும் ஆளிடம் போனில் பேசி, ஜிபேயில் முன்பணம் போட்டு, டோல்கேட் பக்கத்தில் அட்டைப்பெட்டியோடு குட்டியை வாங்கி வருகிறார்கள். "நீங்க எதுக்கு அலையறீங்க, நானே கொண்டு வந்து தர்றேன்" என்பாராம். எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிற பேச்சு இது. வீட்டுக்கு வரவிடாத ஆள் எதையோ மறைக்கிறார்.

காவேரிப்பட்டினத்துத் தம்பி ஒருவர் அப்படித்தான் வெள்ளைக் குட்டி ஒன்றை வாங்கினார். வந்த அன்று துள்ளி விளையாடியது. சில நாளில் சாப்பாட்டைத் தொடவில்லை, வாந்தி, பேதி. பான்லூக்கோபீனியா, அதாவது குட்டிகளைக் கொல்லும் ஒரு வைரஸ் நோய் என்றார் டாக்டர். குட்டி பிழைக்கவில்லை. மனசு கேட்காமல் அடுத்த மாதமே அதே ஆளிடம் இன்னொன்று வாங்கினார். அதுவும் போய்விட்டது.

இந்த வைரஸ் உடம்பில் புகுந்தபின் நோய் வெளியே தெரியச் சில நாள் முதல் ஒரு வாரத்துக்கு மேல்கூட ஆகும். அதனால் வாங்கும் நிமிடத்தில் குட்டி துள்ளுவதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. வைரஸ் வீட்டுக்குள் வந்துவிட்டால் ஒரு வருடம்வரைகூட அழியாமல் இருக்கும். பினாயிலை நம்பாதீர்கள், அது பூனைக்கே ஆகாது. தண்ணீர் கலந்த பிளீச்சிங் கரைசலால் துடைத்து, நன்றாகக் கழுவிவிட வேண்டும்.

ஆகவே நேரில் போங்கள். தாயின் கண்ணில் பீளை இருக்கிறதா, குட்டியின் வாலடி சுத்தமா, வளர்ப்பவர் கூப்பிட்டால் தாய் பயமில்லாமல் வருகிறதா என்று பாருங்கள். கூண்டுக்கு மேல் கூண்டு அடுக்கியிருந்தால் பேசாமல் திரும்பிவிடுங்கள்.

45 நாள் குட்டியைத் தூக்கி வருவது

12 வாரம் தாயோடு இருக்கட்டும். மலத்தட்டில் போவதையும், கடிக்காமல் விளையாடுவதையும் தாயிடமும் கூடப்பிறந்த குட்டிகளிடமும்தான் கற்றுக்கொள்ளும். முதல் தடுப்பூசி 8 வார வாக்கில், அடுத்தது மூன்று நான்கு வாரம் கழித்து. இரண்டும் அங்கேயே முடிந்துவிடும்.

தடுப்பூசி அட்டையை மேலோட்டமாகப் பார்ப்பது

மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய ஸ்டிக்கர், அதில் பேட்ச் எண், பக்கத்தில் டாக்டர் கையெழுத்தும் முத்திரையும் இருக்க வேண்டும். எல்லாத் தேதியும் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதியது போலிருந்தால் அந்த அட்டை வெறும் காகிதம்.

பி.கே.டி. பற்றிக் கேட்காமல் விடுவது

பெர்சியன் வம்சத்தில் வருகிற சிறுநீரக நீர்க்கட்டி நோய். தாய், தகப்பன் இரண்டில் ஒன்றுக்கு இருந்தாலே ஒவ்வொரு குட்டிக்கும் வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மரபணுப் பரிசோதனை உண்டு, அறிக்கையைக் கேளுங்கள். நல்ல ப்ரீடர் கோபப்பட மாட்டார். வீட்டில் யார் இருப்பார்கள், ஜன்னலுக்கு வலை உண்டா என்று உங்களையே கேட்பார்.

"டிரிபிள் கோட்" என்று கூடுதல் காசு

மூன்று அடுக்கு முடி என்று சொல்லி விற்பார்கள். அப்படி ஒரு வகையே இல்லை.

காது மடிந்த ஸ்காட்டிஷ் ஃபோல்ட்

இது பெர்சியன் இல்லை, வேறு பூனை இனம். இருந்தாலும் சொல்கிறேன், வேண்டவே வேண்டாம். காதை மடக்குகிற மரபணுவே எலும்பு மூட்டையும் கெடுக்கிறது.