தூரிகை பிடித்த பெண்ணை வரையும்போது

நேர்த்தியான ஒரு பெண்ணை ஓவியராகக் காட்டும் படங்கள் பலவும் ஒரே இடத்தில்தான் சறுக்குகின்றன. முதலில் அழகான முகம் வரைந்தாகிவிடும். அப்புறம் கையில் ஒரு பிரஷ்ஷைச் செருகுவார்கள். போஸ் கொடுப்பதற்காகப் பிடித்தது போலவே அது தெரியும்.

அதனால் கையை முதலில் யோசியுங்கள். பிரஷ்ஷைப் பேனா போல முடிக்கு அருகில் பிடிப்பது நுணுக்க வேலைக்குச் சரி. நிமிர்த்தி வைத்த கேன்வாஸில் வீச்சாகத் தீட்டும்போது பிடி பின்னால் தள்ளிப்போகும், கை தோளிலிருந்தே அசையும். வண்ணத்தட்டும் விரல் நுனியில் மிதக்காது. கட்டைவிரல் துளைக்குள் இருக்கும், பாரம் முன்கையில் இறங்கும். நளினம் வரட்டும் என்று கையைச் சிறிதாக்குவதும் தவறு. உங்கள் கையை முகத்தில் வைத்துப் பாருங்கள், மோவாயிலிருந்து நெற்றி வரை எட்டும். விரல் வரைய வராது என்று பூங்கொத்துக்குப் பின்னால் ஒளிப்பவர்களும் உண்டு (நானும் செய்திருக்கிறேன்).

அடுத்தது பார்வை. கண் நம்மைப் பார்க்கிறது, பிரஷ் மட்டும் தனியாக வேலை செய்கிறது என்றால் படம் பொய்யாகிவிடும். நெதர்லாந்து ஓவியர் ஜூடித் லைஸ்டர் 1630 வாக்கில் தன்னையே வரைந்த படத்தில் நம்மைத்தான் பார்க்கிறார். ஆனால் நாற்காலியில் சாய்ந்து திரும்பியிருக்கிறார், பின்னால் பாதியில் நிற்கும் ஓவியம். வேலைக்கு நடுவே யாரோ கூப்பிட்டது போல இருக்கிறது. கழுத்தில் பெரிய லேஸ் காலர், இடக்கையில் தட்டோடு ஒரு கொத்து பிரஷ்! இத்தாலிய ஓவியர் ஆர்ட்டமீசியா ஜென்டிலெஸ்கி 1638-39 வாக்கில் வரைந்த படத்தில் பெண் நம்மைக் கண்டுகொள்வதே இல்லை. தலைமுடி கலைந்திருக்கிறது, உடல் வேலையை நோக்கி வளைந்திருக்கிறது. கம்பீரம் எங்கேயும் குறையவில்லை.

முகத்தில் வழக்கமான தவறுகள்தான். கண்கள் தலையின் பாதி உயரத்தில் இருக்க வேண்டும், ஆனால் வரையும்போது நெற்றிப் பக்கம் ஏறிவிடும். கழுத்தை நீட்டினால் நேர்த்தி வராது; தோளைத் தளர்த்தி இறக்கினாலே போதும். தோலின் நிழலுக்கு வெறும் கறுப்பைக் கலந்தால் சாம்பல் பூத்துவிடும்.

கடைசியாக ஒன்று, அதிகம் பேர் கவனிப்பதில்லை: அவள் தட்டில் இருக்கும் வண்ணங்களுக்கும் கேன்வாஸில் இருப்பதற்கும் தொடர்பு வேண்டும். நீலக் கடலை வரைகிறவள் தட்டில் நீலமே இல்லையென்றால் எப்படி?